சாயத் தண்ணீருக்கு எந்த ஒளிவினையூக்கி? துத்தநாகமா, டைட்டானியமா

புராஜெக்ட் தலைப்பு தேடும் முதுகலை வேதியியல் மாணவர்களில் வருடத்துக்கு ஒருவராவது என்னிடம் வந்து, "கூட்டு ஒளிவினையூக்கி செய்யலாம்னு இருக்கேன் மேடம், எதோட எதைச் சேர்க்கட்டும்?" என்று கேட்கிறார். ஒளி பட்டால் தண்ணீரிலுள்ள சாயம் போன்றவற்றை உடைக்கத் தூண்டும் பொடிதான் ஒளிவினையூக்கி; அப்படி இரண்டு பொடிகளைச் சேர்த்துச் செய்வது கூட்டு. நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தத் தண்ணியில போடப் போற?" பெரும்பாலும் பதில் வராது. படித்த ஆய்வுக் கட்டுரைகளில் எல்லாம் காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தைக் கரைத்து, தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் நிறம் போனதாக எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் பொடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிஜத் தண்ணீரில் இறக்கியதும் பாதிப் பொடிகள் படுத்துவிடுகின்றன.

எங்கள் கொங்குப் பகுதியில் தண்ணீர் என்றால் சாயத் தண்ணீர்தான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் அதையே வைத்துப் பேசுகிறேன். கையில் பொடியைச் சுட ஒரு மஃபிள் சூளை, நிறத்தை அளக்க ஒரு யுவி-விசிபிள் கருவி, மொட்டைமாடி வெயில் இவ்வளவுதான் இருக்கிறது என்றால் எந்தக் கூட்டைச் செய்வது, எப்படிச் செய்வது என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது.

தண்ணீரில் என்ன இருக்கிறது

பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடுகிறார்கள். சாயம் நூலில் ஏறுவதற்காக லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்போ சோடியம் சல்ஃபேட்டோ சேர்ப்பார்கள். அப்புறம் சோடா ஆஷ் போட்டு பிஹெச்சை 10.5, 11 என்று ஏற்றினால்தான் சாயம் நூலோடு பிணையும். அப்படியும் சாயத்தில் ஒரு பங்கு நூலோடு சேராமல், நீரோடு வினைபுரிந்து வீணாகி வெளியே வருகிறது. இந்தச் சாய மூலக்கூறுகளில் சல்ஃபோனேட் தொகுதிகள் இருப்பதால் அவை எதிர்மின் சுமையோடு மிதக்கின்றன. ஆக, நம் பொடி சந்திக்கப்போவது எதிர்மின் சாயம், அளவுக்கு மீறிய உப்பு, கார்பனேட், கடும் காரம் எல்லாம் சேர்ந்த ஒரு தண்ணீரை.

நொய்யல் ஆறு நிறம் மாறி ஓடியதையும், பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்ணுயிர்த் தொட்டி, உப்பைப் பிரிக்கும் சவ்வான ஆர்.ஓ., ஆவியாக்கி என்று வரிசையாக வைத்து, கழிவுநீரை வெளியே விடாமல் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி.

இதில் ஒளிவினையூக்கிக்கு என்ன வேலை? அது உப்பைத் தொடாது. நீர்நிலையில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்புக்கு இந்தப் பொடிகளால் எந்த உதவியும் இல்லை. சாயத்தொட்டியிலிருந்து நேராக வரும் கருத்த தண்ணீரிலும் பயனில்லை. ஒளியே உள்ளே நுழையாது. நுண்ணுயிர்த் தொட்டி தாண்டிய பிறகும் மிஞ்சுகிற நிறத்தையும், ஆர்.ஓ. சவ்வில் படியும் கரிமப் பொருள்களையும் உடைப்பதற்கு, அதாவது நுண்ணுயிருக்கும் ஆர்.ஓ.வுக்கும் நடுவில் வைப்பதற்கு, இது பொருத்தமானது. இந்த இடத்தை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள எல்லாவற்றையும் எடைபோடுகிறேன்.

தனியாக நின்றால் என்ன குறை

டைட்டானியம் டை ஆக்ஸைடு (சுருக்கமாக டைட்டானியம்) மின்முனையில் ஒளி பட்டு நீர் பிளப்பதை ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் காட்டினார்கள். அதற்கு ஐம்பது வருடம் கழித்தும் அந்த வெள்ளைப் பொடிக்கு ஈடு சொல்வது கஷ்டம். நஞ்சில்லை, கரைவதில்லை, விலையும் தாங்கும். அதன் அனடேஸ் என்ற படிக வடிவத்துக்கு ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானை எழுப்ப வேண்டிய ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். சுமார் 388 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதா ஒளி மட்டுமே அதை எழுப்பும். தரைக்கு வரும் சூரிய ஒளியில் புற ஊதா நாலைந்து சதவீதம்தான். எழும்பிய எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் வேலை செய்வதற்குள் மறுபடி சேர்ந்துகொள்வது இன்னொரு குறை.

2009-இல் பெரிய கவனம் பெற்ற கிராஃபைட் வகைக் கார்பன் நைட்ரைடு (இனி கார்பன் நைட்ரைடு என்கிறேன்) மஞ்சள் நிறப் பொடி. இடைவெளி 2.7 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் 460 நானோமீட்டர் வரை, நீல ஒளியையும் பிடிக்கும். உலோகமே இல்லை; யூரியாவைச் சூளையில் வைத்தாலே கிடைத்துவிடும். ஆனால் அதன் துளைக்கு வலு போதாது. ஹைட்ரஜன் மின்முனையோடு ஒப்பிட்டால் சுமார் +1.6 வோல்ட்டில் நிற்கிறது. சாயத்தை உடைக்கும் தீவிரத் துகளான ஹைட்ராக்ஸில் ரேடிக்கலை ஹைட்ராக்ஸைடிலிருந்து உண்டாக்க +2 வோல்ட் அளவாவது வேண்டும். அதன் எலக்ட்ரானோ கெட்டிக்காரன்: சுமார் -1.1 வோல்ட்டில் இருப்பதால் கரைந்த ஆக்ஸிஜனை எளிதாகச் சூப்பர் ஆக்ஸைடு என்ற இன்னொரு வினைத்துகளாக்கிவிடும்.

டைட்டானியத்தில் துளை வலுவானது, கார்பன் நைட்ரைடில் எலக்ட்ரான் வலுவானது. இரண்டையும் ஒட்டவைத்தால், வலுக்குறைந்த எலக்ட்ரானும் வலுக்குறைந்த துளையும் எல்லையில் சந்தித்து ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள, வலுவான ஜோடி மிஞ்சும். இதைத்தான் இசட் அமைப்பு என்கிறார்கள். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, பலர் கவனிப்பதில்லை: இரண்டு பொடியுமே ஒளியால் எழ வேண்டும். கட்புல ஒளி மட்டும் தரும் எல்.இ.டி. விளக்கின் கீழே டைட்டானியம் தூங்கிக்கொண்டிருக்கும். கார்பன் நைட்ரைடின் எலக்ட்ரான் அதில் இறங்கும், வலுக்குறைந்த துளை அங்கேயே நிற்கும். துளையிலிருந்து ஹைட்ராக்ஸில் ரேடிக்கல் வருவதற்கு வழியில்லாத அந்தச் சோதனையை வைத்துக்கொண்டு இசட் அமைப்பு என்று எழுதுவது தவறு. நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வெயிலிலேயே செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

துத்தநாக ஆக்ஸைடா, டைட்டானியம் டை ஆக்ஸைடா

கார்பன் நைட்ரைடை ஒரு பக்கம் வைத்துவிட்டால், கூட்டாளியாகப் பெரும்பாலோர் யோசிப்பது இந்த இரண்டையும்தான். ஆற்றல் நிலைகள் கிட்டத்தட்ட ஒன்றே. எல்லா வேறுபாடும் தண்ணீரில் தெரியும்.

துத்தநாக ஆக்ஸைடுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. துத்தநாக அசிடேட்டில் சோடியம் ஹைட்ராக்ஸைடு விட்டு வீழ்படிவாக்கி, கழுவி, உலர்த்தி, 400 டிகிரியில் சுட்டால் பொடி தயார். எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் ஒரு நாளில் முடிந்துவிடும். எலக்ட்ரான் இதில் டைட்டானியத்தைவிட வேகமாக ஓடும். இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரு பொடியின் மேற்பரப்பு நேர்மின்னிலிருந்து எதிர்மின்னுக்கு மாறும் பிஹெச் துத்தநாக ஆக்ஸைடுக்கு 9 அளவில். டைட்டானியத்துக்கு 6 சொச்சம். பிஹெச் 8 உள்ள தண்ணீரில் துத்தநாகப் பொடி நேர்மின்னாக இருந்து எதிர்மின் சாயத்தை இழுக்கும். டைட்டானியமோ தானும் எதிர்மின்னாகிச் சாயத்தைத் தள்ளும். முதல் ஓட்டத்தில் துத்தநாகம் முந்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மாணவி அப்படித்தான் துத்தநாகக் கூட்டைச் செய்தாள். நிறம் அழகாகப் போனது. இன்னும் வேகமாக்கலாம் என்று பிஹெச்சை 5-க்கு இறக்கினாள். ஒவ்வொரு சுற்றிலும் திரும்பக் கிடைத்த பொடி குறைந்துகொண்டே வந்தது. வடிகட்டும்போது கை தவறிக் கொட்டுகிறோம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். ஐந்தாவது சுற்றில் சந்தேகம் வந்து, வடிநீரை, உலோக அயனிகளைப் பிடிக்கும் இ.டி.டி.ஏ. கொண்டு தரம்பார்த்தோம். உப்பும் சாயமும் மட்டும் கலந்து நாங்களே தயாரித்த தண்ணீர் அது. கால்சியம், மக்னீசியம் தரும் கடினத்தன்மைக்கு இடமே இல்லை. ஆனாலும் துத்தநாகம் வந்தது. பொடி கரைந்துகொண்டிருந்தது. இளங்கலையில் எல்லோரும் செய்கிற அந்த எளிய சோதனையை முதல் சுற்றிலேயே செய்யாமல் விட்டது என் தவறு.

துத்தநாக ஆக்ஸைடு அமிலத்திலும் கரையும், கடும் காரத்திலும் கரையும். நடுநிலையில்கூட ஒளி பட்டால் தன் துளைகளாலேயே கொஞ்சம் கொஞ்சமாக அரிபடும். மேலே கார்பன் நைட்ரைடு படிந்தால் அரிப்பு குறையும், நிற்காது. கழிவுநீரில் துத்தநாகத்துக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறது. சாயத்தை எடுக்கப் போய் உலோகத்தை விட்டு வருவது சுத்திகரிப்பு ஆகாது.

இனி கார்பனேட். என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். ஹைட்ராக்ஸில் ரேடிக்கலைக் கார்பனேட் விழுங்கும்; பைகார்பனேட்டும் விழுங்கும், ஆனால் நாற்பது மடங்குக்கு மேல் மெதுவாக. பிஹெச் 10.5-இல் சோடா ஆஷின் பெரும்பகுதி கார்பனேட்டாகவே இருக்கிறது. அந்தத் தண்ணீரில் எந்தப் பொடியைப் போட்டாலும், உண்டாகும் ரேடிக்கல்கள் சாயத்தைத் தொடுவதற்குள் தீர்ந்துவிடும். பிஹெச்சை 6-க்குக் கொண்டுவந்தால் அதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்ஸைடாகிவிடும். காற்றை ஊதினால் வெளியேறிவிடும். டைட்டானியத்தின் மேற்பரப்பும் சாயத்தைத் தள்ளுவதை நிறுத்தும். கந்தக அமிலம் கொண்டு நடுநிலையாக்குவது கழிவுநீர்த் தொட்டிகளில் வழக்கமான வேலைதான். ஆக, அமிலப் பக்கம் கொஞ்சம் இறங்க முடிகிற பொடிதான் இந்தத் தண்ணீருக்கு வேண்டும். டைட்டானியம் இறங்கும், துத்தநாகம் இறங்காது. அதற்காக 3, 4 என்று போய்விடாதீர்கள். சாதா உப்பு போட்ட தண்ணீரில் அமிலம் கூடக்கூட குளோரைடும் ரேடிக்கலைப் பறிக்கும், குளோரின் ஏறிய கரிமப் பொருள்களும் உண்டாகலாம்.

மற்ற கூட்டாளிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளி பாஸ்ஃபேட் காய்ச்சி வடித்த நீரில் பிரமாதமாக ஓடும். உப்புத் தண்ணீரில் போட்டால் வெள்ளி குளோரைடாக மாறிவிடும், விலையும் அதிகம். காட்மியம் சல்ஃபைடை எங்கள் ஆய்வகத்துக்குள் விடுவதாக இல்லை. ஒளியில் அரிபட்டு காட்மியத்தை நீரில் விடும் பொடியால் நீரைச் சுத்தம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. பிஸ்மத் வனடேட் நல்ல போட்டியாளர். 2.4 எலக்ட்ரான் வோல்ட், துளையும் வலுவானது. கார்பன் நைட்ரைடோடு சேர்ந்தால் கட்புல ஒளியிலேயே இரண்டும் எழும். வெயில் கிடைக்காமல் எல்.இ.டி.யில் மட்டும் வேலை செய்ய வேண்டியவர்களுக்கு என் இரண்டாவது தேர்வு அது. காரத்தில் வனேடியம் கசிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிராஃபீன் ஆக்ஸைடு சேர்த்தால் சாயத்தை உறிஞ்சியே பாதி நிறத்தை எடுத்துவிடும். சிதைத்தது எவ்வளவு, உறிஞ்சியது எவ்வளவு என்று பிரிப்பதற்குள் புராஜெக்ட் காலமே முடிந்துவிடும்.

செய்முறையில் எதை எடுப்பது

டைட்டானியத்தை, கரைசலைக் கூழாக்கிச் சுடும் சோல்-ஜெல் முறையில் தாங்களே செய்ய வேண்டும் என்று மாணவர்களுக்கு ஆசை. அதற்கு மூலப்பொருளான டைட்டானியம் ஐசோப்ரொப்பாக்ஸைடு காற்றிலுள்ள ஈரத்தோடேயே வினைபுரியும். மழைக்காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி பொடி வரும். பி25 என்ற பெயரில் விற்கும் பொடியை வாங்கிவிடலாம். அனடேஸ் சுமார் 80, ரூட்டைல் என்ற இன்னொரு படிக வடிவம் சுமார் 20 என்ற விகிதம், கிராமுக்கு 50 சதுர மீட்டர் அளவு மேற்பரப்பு. உலகம் முழுக்க ஒப்பீட்டுக்கு வைப்பதும் அதையே என்பதால் உங்கள் எண்களை மற்றவர்கள் எண்களோடு வைத்துப் பார்க்கவும் முடியும்.

கார்பன் நைட்ரைடுக்கு யூரியாவா மெலமினா? மெலமினில் எடை நன்றாகத் தேறும். ஆனால் அடர்த்தியான கட்டி, மேற்பரப்பு குறைவு. யூரியாவில் 100 கிராம் வைத்தால் சில கிராம்தான் மிஞ்சும். ஆனால் மெல்லிய தாள்கள், பல மடங்கு மேற்பரப்பு. நான் யூரியா பக்கம். உரக்கடை யூரியா வேண்டாம், அதில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கும்; ஆய்வகத் தர யூரியாவே வாங்குங்கள். மூடி போட்ட க்ரூசிபிளில், நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 550 வரை ஏற்றி, இரண்டு மூன்று மணி நேரம். அமோனியா கண்ணைக் கரிக்கும் அளவுக்கு வரும், எனவே புகைபோக்கி இல்லாத அறையில் இதைத் தொடங்கவே கூடாது.

இரண்டையும் சேர்ப்பதற்கு இரண்டு வழி. பி25-ஐ யூரியாவோடு கலந்தே சூளையில் வைப்பது ஒன்று. மஞ்சள் தாள் டைட்டானியத்தின் மேலேயே வளர்வதால் ஒட்டுதல் நன்றாக இருக்கும். ஆனால் யூரியாவில் பெரும்பகுதி ஆவியாகிப் போவதால், கடைசியில் எது எவ்வளவு என்று தெரியாது; வெப்ப எடைப் பகுப்பாய்வில் 800 டிகிரி வரை காற்றில் எரித்து, மிஞ்சும் வெள்ளைப் பொடியை வைத்துக் கணக்கிட வேண்டும். தனித்தனியே செய்து, எத்தனாலில் அல்ட்ராசோனிக் தொட்டியில் கலந்து, உலர்த்தி, 400 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுவது மற்றது. விகிதம் நம் கையில் இருக்கும், ஒட்டுதல் கொஞ்சம் குறையும். விகிதங்களை ஒப்பிடும் முதல் கட்டத்துக்கு இந்த இரண்டாவது வழி; நல்ல விகிதம் தெரிந்தபின் முதல் வழி. ஆட்டோகிளேவ் என்ற மூடிய அழுத்தக் கலனில் சூடாக்கி, ஹைட்ரோதெர்மலாகவும் செய்யலாம், தவறில்லை. ஆனால் 100 மில்லி டெஃப்ளான் குடுவையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப முடியாமல், ஒரு நாள் காத்திருந்து அரைக் கிராம் எடுப்பது வெயிலில் லிட்டர் கணக்கில் சோதிப்பவருக்குக் கட்டுப்படியாகாது.

எந்த வழியானாலும், அதே விகிதத்தில் இரண்டு பொடிகளையும் கல்வத்தில் சும்மா அரைத்துக் கலந்த ஒரு மாதிரியையும் கூடவே சோதியுங்கள். உங்கள் கூட்டு அதைத் தாண்டவில்லை என்றால் எல்லையில் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

பொடியைத் திரும்ப எடுப்பது

கட்டுரைகள் இரண்டு வரியில் தாண்டிப் போகும் இடம் இது. நானோ பொடி தண்ணீரில் பால் போல நிற்கும். நடுவில் வைக்கப்போகிறோம் என்றேனே, அடுத்து வருவது ஆர்.ஓ. சவ்வு, அதில் பொடி போய்ச் சேர்ந்தால் சவ்வு கெடும். சென்ட்ரிபியூஜ் ஆய்வகத்துக்குச் சரி, தொட்டிக்கு ஆகாது.

காந்த முறை பார்ப்பதற்கு அழகு. மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்ஸைடுக் கருவின் மேல் டைட்டானியத்தை ஏற்றி, காந்தத்தைக் காட்டினால் பொடி ஒரு பக்கம் ஒதுங்கும். ஆனால் இரண்டும் நேராக ஒட்டியிருந்தால் எலக்ட்ரானும் துளையும் இரும்புக் கருவுக்குள் போய்ச் சேர்ந்து அழியும். இரும்பும் கரையத் தொடங்கும். நடுவே சிலிக்கா உறை கட்டாயம். அப்போது செய்முறை மூன்று கட்டமாகிவிடும். எடையில் பெரும்பங்கு ஒளியை விழுங்கும் கறுப்புக் கருவாகப் போய்விடும்.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கூழ் மணிகளில் பொடியைப் பொதிவதும் இப்போது பலரும் செய்வது. நம் தண்ணீருக்கு அது ஆகாது. கால்சியத்தால் கட்டப்பட்ட மணி அது. சோடியம் இவ்வளவு இருந்தால் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கார்பனேட் வேறு கால்சியத்தைச் சுண்ணாம்பாக இழுக்கும். மணி ஊதி, குழைந்து, கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் பத்துச் சுற்று தாங்கியது என்ற செய்தியை நம்பி இறங்காதீர்கள்.

மிஞ்சுவது கண்ணாடித் தகட்டிலோ மணியிலோ பூசிச் சுடுவது. பி25 கண்ணாடியில் 450 டிகிரி அளவில் நன்றாகப் பிடிக்கும். கார்பன் நைட்ரைடு மட்டும் தனியாகப் பிடிக்காது, உதிரும். டைட்டானியத்தைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்: கூட்டில் அதுதான் பசை. வேகம் பொடியைவிடக் குறையும், ஏனென்றால் சாயம் தகட்டைத் தேடி வர வேண்டும். சாய்த்து வைத்த தகட்டின் மேல் மெல்லிய படலமாகத் தண்ணீரை ஓடவிட்டு, கீழே பிடித்து மறுபடி மேலே ஏற்றினால் அந்தக் குறை ஓரளவு சரியாகும், காற்றும் கலக்கும். மீன் தொட்டி மோட்டார் ஒன்று போதும். நாங்கள் மொட்டைமாடியில் வைத்திருப்பது இதுதான்.

எதைச் சோதித்தால் நம்பலாம்

சோதனைச் சாயத்தை மாற்றுங்கள். மெத்திலீன் ப்ளூ தானே 664 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானைப் பொடிக்குள் தள்ளும். பொடி கட்புல ஒளியில் வேலை செய்வது போன்ற ஒரு தோற்றம் அதனாலேயே வந்துவிடும். ஆக்ஸிஜன் குறைந்தால் நிறமற்ற வடிவத்துக்கு மாறி, காற்றுப் பட்டதும் மறுபடி நீலமாகும். அது நேர்மின் சாயம் வேறு; நம் தண்ணீரில் இருப்பது எதிர்மின். ரியாக்டிவ் பிளாக் 5 என்ற எதிர்மின் சாயத்தை வாங்குங்கள். அதுவும் ஒளியை உறிஞ்சும் என்பதால் கூடவே நிறமில்லாத ஃபீனாலையும் ஓட்டிப் பாருங்கள். நிறம் போனதைத் தவிர, சி.ஓ.டி. (கரிமப் பொருள்களை ஆக்ஸிஜனேற்றத் தேவையான ஆக்ஸிஜன் அளவு) எவ்வளவு குறைந்தது என்றும் பாருங்கள். நிறத்துக்குக் காரணமான, இரண்டு நைட்ரஜன் அணுக்களை இணைக்கும் அசோ பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும். பென்சீன், நாஃப்தலீன் வளையங்கள் அப்படியே மிதக்கும், சில அரோமாட்டிக் அமீன்கள் சாயத்தைவிட மோசமானவை. உப்பு நிறைந்த மாதிரியில் குளோரைடு சி.ஓ.டி.யைக் கூட்டிக் காட்டும் என்பதால் மெர்குரிக் சல்ஃபேட் சேர்ப்பதையும், மாதிரியை நீர்த்துப்போகச் செய்வதையும் மறக்கக் கூடாது.

ஆக, இந்த வருடம் வந்த மாணவரிடம் நான் எழுதிக் கொடுத்தது இது: யூரியாவிலிருந்து கார்பன் நைட்ரைடு, பி25, எடையில் 10, 20, 40 சதவீதம் கார்பன் நைட்ரைடு உள்ள மூன்று கலவைகள், கல்வத்தில் அரைத்த ஒரு கலவை, வெறும் பி25. தண்ணீர் பிஹெச் 6, சோடியம் சல்ஃபேட் லிட்டருக்கு 5 கிராம், ரியாக்டிவ் பிளாக் 5 லிட்டருக்கு 20 மில்லிகிராம். இருட்டில் அரை மணி, வெயிலில் காலை பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை. நன்றாக வரும் கலவையைக் கண்ணாடியில் ஏற்றி, பத்துச் சுற்று. பிறகுதான் பட்டறைத் தண்ணீர்.

கடைசியாக மூன்று பெட்ரி தட்டு. ஒன்றில் சாயத் தண்ணீர், ஒன்றில் வெயிலில் ஓடி முடித்த தண்ணீர், ஒன்றில் சாயமே இல்லாமல் அதே அளவு உப்பு மட்டும் போட்ட தண்ணீர். ஒவ்வொன்றிலும் இருபது பச்சைப்பயறு. மூன்றாம் நாள் வேரின் நீளத்தை அளக்க வேண்டும். இரண்டாவது தட்டின் வேர் மூன்றாவது தட்டின் வேர் அளவுக்கு வந்திருந்தால் சொல், நானும் மாடிக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.